அசல் நேரில் வரவும்

என் பெயர் மண்ணாங்கட்டி. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால், மூன்றாவதாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று எங்கள் பக்கத்து வழக்கப்படி வைத்த பெயர். எமன் ஏமாந்துவிட்டான். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் நான் சிற்பியானபோது, பார்த்தவர்கள் எல்லாரும் பெயர்ப் பொருத்தத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். சிலைகளைப் பார்த்த பிறகு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

சிற்பியாவதற்கு முன்னால் ஓர் அலுவலகத்தின் நகல் பிரிவில் இருபத்து மூன்று வருடம் எழுத்தராக இருந்தேன். பழைய ஆவணத்துக்கு யாராவது நகல் கேட்டு மனுப் போட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிய பிறகு ஒருவர் அசலைப் பார்த்து உரக்க வாசிப்பார், இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே போவார். புள்ளி, கமா, கறை உள்பட எல்லாம் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர். தகப்பனார் பெயரில் ஒரு புள்ளி அதிகமாக இருந்ததற்காகச் செங்கத்துக்காரர் ஒருவரை நாலு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் ஐந்தாவது முறை வரவில்லை. அதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

1989-இல் மாவட்டம் பிரிந்தது. பழைய முத்திரைகளை வேலூரிலேயே விட்டுவிட்டு வந்தோம். புது முத்திரைகள் வரவில்லை. முத்திரை இல்லாமல் தபாலை வாங்கினால் அது வந்ததாகவே ஆகாது. எங்கள் சூப்பிரண்டெண்டு இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மண்ணாங்கட்டி, உனக்குத்தான் கை நடுங்காது. ஏதாவது பண்ணுய்யா."

தேய்ந்துபோன ஹவாய்ச் செருப்பின் அடியை பிளேடால் வெட்டி, 'வரப்பெற்றது' என்று எழுத்துகளைத் திருப்பிப் போட்டுச் செதுக்கினேன். மை தொட்டுத் தாளில் அழுத்தி எடுத்தேன். எழுத்து நேராக வந்து விழுந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை அந்தக் கட்டடத்தில் கிடைத்ததில்லை. அன்றைக்கு வந்த தபால் நாற்பது. நான் அடித்த 'வரப்பெற்றது' முந்நூறு. மிச்சமெல்லாம் வெள்ளைத் தாளில் அடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அதற்கப்புறம் புத்தி அலுவலகத்தில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போய் ஒரு டிராயிங் மாஸ்டரிடம் மரப்பலகையில் செதுக்கிப் படம் அச்செடுக்கக் கற்றுக்கொண்டேன். கிரிவலப் பாதையில் சிலை அடிக்கும் ஒருவர் உடைந்துபோன கற்களை எனக்குத் தந்தார். உடைக்க இனி ஒன்றுமில்லை என்ற தைரியத்தில்தான் தந்தார் என்று நினைக்கிறேன். 1994-இல், எட்டு வருட சர்வீஸ் மிச்சமிருக்கும்போதே, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி திரௌபதி சத்தம் போடவில்லை.

"கை கால் நல்லா இருக்கிற மனுசன் எவனாவது உக்காந்து கட்டையச் செதுக்கறதுக்கு வேலைய விடுவானா? சரி, விட்டாச்சி. நாலு பேரு, பெரிய மனுசங்க, உங்கள கலைஞர்னு எழுதிக் குடுக்கட்டும். அப்பறம் நானும் ஒத்துக்கறேன். அதுவரைக்கும் நீங்க வேலைய விட்டவருதான்."

சொன்னபடியே நடந்தாள். அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "இவரு வேலைய விட்டவரு" என்பதுதான் என் அறிமுகம். நான் செய்த எதையும் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். பலகைகளுக்கும் கற்களுக்கும் நடுவே தரையை மட்டும் பார்த்துப் பெருக்கிக்கொண்டு போவாள். அது எனக்கு வலித்தது. ஊரே பாராட்ட வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசை கிடையாது. இந்த ஒருத்தி ஒத்துக்கொண்டால் போதும்.

ஊர் ஒரு வகையில் ஒத்துக்கொண்டுதான் இருந்தது. என் முதல் கற்சிலை எங்கள் சூப்பிரண்டெண்டு. கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அவருடைய வழக்கமான தோரணை. அதை வீட்டு வாசலில் வைத்தேன். எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அடுத்த பௌர்ணமிக்குச் சூப்பிரண்டெண்டின் நெற்றியில் விபூதி, காலடியில் சூடம். "எந்தச் சித்தருங்க இவரு?" என்று ஒரு குடும்பம் என்னிடம் கேட்டது. இவரிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் பல தடவை சுற்ற வேண்டியிருக்கும் என்று உண்மையைத்தான் சொன்னேன். சுற்றினார்கள்.

1998 ஆனி மாதம் திரௌபதி விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. தினமும் காலை இரண்டு மணி நேரம், முறத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் எதிரே ஒரு பலாப் பலகையோடு உட்கார்ந்தேன்.

"உக்காந்துக்கங்க. வெளிச்சத்த மறைக்காதீங்க. நான் ஒண்ணும் உங்களுக்காக உக்காரல" என்றாள்.

நாற்பது நாள் அப்படி உட்கார்ந்தோம். வழக்கமாகப் படத்தை முதலில் தாளில் வரைந்து, அதைத் திருப்பிப் போட்டுப் பலகையில் படியெடுத்து, பிறகுதான் செதுக்க வேண்டும். எனக்கோ கை தேறிவிட்டது என்ற நினைப்பு. தாளெல்லாம் எதற்கு என்று அவளைப் பார்த்துப் பார்த்து நேரே பலகையிலேயே வரைந்து செதுக்கினேன். முகமும் இரண்டு கைகளும் முறமும் மட்டும்தான் தெரியும். உடம்பெல்லாம் கறுப்புக்குள் போய்விடும். மை தடவி, முதல் தாளை ஒற்றி உரித்துப் பார்த்தேன். திரௌபதி தலை குனிந்து, வலது கைக் கட்டை விரலால் ஒரு மல்லாட்டையை அழுத்தி உடைத்துக்கொண்டிருந்தாள். அச்சு அசல் அவளேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அந்தப் பக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

பத்துத் தாள் எடுத்தேன். அச்செடுப்பவர்களின் முறைப்படி ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 1/10, 2/10 என்று எண் போட்டுக் கையெழுத்திட்டேன். பத்துத் தாளில் இது ஒன்றாவது, இது இரண்டாவது என்று அர்த்தம்.

1999 தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. மாவட்டம் பிரிந்து பத்து வருடம் ஆவதை ஒட்டி ஓவியச் சிற்பக் கண்காட்சி. பங்கேற்க, வட்டார நுண்கலைஞர் பதிவு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவருக்கு அட்டை கொடுப்பார்கள், அதில் 'கலைஞர்' என்று எழுதியிருக்கும், மன்றத்தின் உறுப்பினர் நாலு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். நாலு பேர்! திரௌபதியின் நிபந்தனையை யாரோ அரசாணையாகவே போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

மன்றம் வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. வாசலில், 'பதிவு செய்யாதவர் கலைஞர் அல்லர்' என்று பலகை. செயலர் முருகவேல், உரம் சம்பந்தப்பட்ட ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து அயல்பணியில் வந்தவர். முதல் சந்திப்பிலேயே தன் தகுதியை விளக்கினார்.

"சார், இருவத்தி ரெண்டு வருச சர்வீஸ்ல ஒரு படத்தக்கூட நான் நிமிந்து பாத்ததில்ல. வீட்டு காலண்டர்ல தேதி மட்டுந்தான் பாப்பேன். பாரபட்சம் இல்லாத ஆளு வேணும்னு தேடிப் புடிச்சி என்னை இங்க போட்டாங்க."

பத்துத் தாள்களையும் நீட்டினேன். முதல் தாளின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்தார்.

"பத்துக்கு ஒண்ணா? மார்க்கு யாரு போட்டது?"

"நான்தாங்க. அது மார்க்கு இல்ல சார்..."

"உங்களுக்கு நீங்களே ஒண்ணு போட்டுக்கினீங்க. நல்ல மனசு சார்." தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். "ரெண்டு, மூணு, நாலு... முன்னேற்றம் தெரியுது. தோ, பத்துக்குப் பத்து! இத மட்டும் வெச்சிக்கினு மிச்சத்த எடுத்துக்குனு போங்களேன்."

பத்தும் ஒரே படம்தான் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஒண்ணு அசல், ஒம்பது நகல்."

"இல்ல சார். பத்துமே அசல்தான்."

"ஒரு பத்திரத்துக்கு பத்து அசல் இருந்தா அதுக்கு இன்னா பேருன்னு நகல் பிரிவுல இருந்த உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. இரண்டு அசலோடு வந்தவர்களையே நான் போலீசுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் பேச்சில் எனக்குக் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் இந்தக் கதை முழுக்க எனக்கு இருந்த தொந்தரவு.

பத்தும் நகல் என்று முடிவானது. நகல் என்றால் மேலொப்பம் வேண்டும். கெசட்டட் அதிகாரி ஒருவரைத் தேடிப் போனேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் கால்நடை மருத்துவரிடம்தான் போவோம், அவர்தான் கோபப்பட மாட்டார். ஒரு கையில் மாட்டின் காதைப் பிடித்துக்கொண்டே, திரௌபதியின் தலைக்கு மேல், தாளின் வெள்ளை ஓரத்தில் 'உண்மை நகல்' என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பத்துத் தாளிலும். ஒரு கலைஞனாக நான் அங்கே அழுதிருக்க வேண்டும். முத்திரை பத்திலும் கோணாமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நகல் சரி. அசல் எங்க?" என்றார் முருகவேல்.

பலகையை டி.வி.எஸ். வண்டியின் முன்னால் வைத்துக்கட்டிக் கொண்டுபோனேன். மன்றத்தின் உதவியாளர் செழியன், நல்ல பையன், முகத்தில் எப்போதும் ஒரு மன்னிப்புக் கேட்கும் பாவனை. பலகையை மேசை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஆவணத்தை வாசிப்பதுபோல வாசிக்கத் தொடங்கினார்.

"முறம், இடது பக்கம்."

"முறம், வலது பக்கம்" என்று தாளில் விரல் வைத்துச் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை. பழக்க தோஷம்.

"மூக்குத்தி, வலது மூக்கு."

"மூக்குத்தி, இடது மூக்கு."

"உடைக்கிற கை, இடது கை."

"உடைக்கிற கை, வலது கை."

உரித்த ஓடு, சிந்திய பருப்பு, நெற்றி முடி என்று ஒன்றையும் விடாமல் போனோம். முடிவில் நாற்பத்து மூன்று வேறுபாடுகள். அசலும் நகலும் முற்றிலும் முரண் என்று குறிப்பு எழுதப்பட்டது. அந்தக் குறிப்பின் வாசகத்தில் ஒரு பிழை இருந்தது. அதையும் நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

அப்புறம்தான் நான் யார் பக்கம் என்பது நினைவு வந்தது. "சார், பலகை எப்பவுமே திருப்பித்தான் இருக்கும். பேப்பர்ல வர்றதுதான் நெசம். தோ பாருங்க" என்று மேசையிலிருந்த மன்றத்தின் வட்ட முத்திரையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன்.

முருகவேல் முத்திரையை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. அடுத்த முத்திரையைத் திருப்பினார். தேதி முத்திரை, பெயர் முத்திரை, 'அவசரம்' முத்திரை. எல்லாவற்றிலும் எழுத்து திருப்பி இருந்தது.

"செழியன், இத யாருமே செக் பண்ணலியா? மூணு வருசமா தப்பான சீல வெச்சிக்குனு ஆபீஸ் நடத்துறோம்யா!"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். முத்திரைகள் பதினொன்றும் குறைபாடுள்ளவை என்று சீல் வைக்கப்பட்டன. சீல் வைக்கும் அரக்கில் குத்த முத்திரை இல்லாததால் அவருடைய மோதிரத்தைக் குத்தினார்கள். சரியான எழுத்தில் புதிது செய்யச் சொல்லி ஆர்டர் போனது. ஐந்து வாரம் மன்றத்தில் ஒரு கடிதமும் வெளியே போகவில்லை. அந்த ஐந்து வாரத்தில் புகார்கள் குறைந்ததாக ஆண்டறிக்கையில் எழுதினார்கள். புது முத்திரைகள் வந்தன. முத்திரையிலேயே எழுத்து படிக்கும்படி நேராக இருந்தது, பார்த்துத் திருப்திப்பட்டார்கள். குத்தியபோது தாளில் திருப்பி விழுந்தது. அதற்கப்புறம் அந்தக் கோப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. முருகவேல் மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

இதற்கிடையே என் பலகையைக் கேட்டேன். கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. பதிவறையில் இருக்கும் என்று அனுப்பினார்கள். பதிவறை உதவியாளர் கன்னியம்மாள் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினாள்.

"பலகை, மரம், கறுப்பு, ஒண்ணு. இருக்குது சார், எங்க போவப்போவுது."

குடிநீர்ப் பானையின் மேல் இருந்தது. ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருந்தது. திரௌபதியின் முகம் கீழ்ப்பக்கம். "நல்ல கனமான மூடி சார். இது வந்ததுல இருந்து ஒரு பல்லி வுழல" என்றாள் கன்னியம்மாள். நன்றியோடுதான் சொன்னாள். தளவாடப் பட்டியலில் ஏறிய பொருளை வெளியே தர வேண்டுமானால் அது உபயோகமற்றது என்று குழு சான்று தர வேண்டுமாம். பானைக்கு உபயோகமாகிக்கொண்டிருப்பதால் அப்படிச் சான்று தர வழியில்லை.

நான் கெஞ்சினேன். கலைக்காகக் கெஞ்சியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வீட்டில் ஒருத்தி இன்னமும் என்னை வேலையை விட்டவராக அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் கெஞ்சினேன்.

ஆகஸ்டு மாதம் மன்றக் கூட்டம். உறுப்பினர் நாலு பேரும் வந்திருந்தார்கள். மூன்று பேர் முறுக்குத் தட்டைப் பார்த்தபடியே இருந்தார்கள். நாலாவது உறுப்பினரான முருகவேல்தான் பேசினார்.

"பேப்பரு பலகையப் பாத்து வந்துச்சி. ஒத்துக்கறோம். பலகை எதப் பாத்து வந்துச்சி?"

"என் சம்சாரத்தப் பாத்து சார்."

அறையில் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது.

"அப்ப பலகையே ஒரு நகல்தான்! இத்தினி மாசமா நகலுக்கு நகல வெச்சி ஒப்பிட்டுக்குனு இருந்தோம். அசல் வீட்ல உக்காந்துக்குனு இருக்குது!" அவருக்கு மூச்சு வாங்கியது. "செழியன், எழுதுய்யா மெமோ."

மூன்று நாளில் தபால் வந்தது. பெறுநர் என்ற இடத்தில், 'அசல், மேற்பார்வை மண்ணாங்கட்டி, அடி அண்ணாமலை' என்றிருந்தது. உள்ளே: 'பார்வையில் காணும் நகல்களுடன் ஒப்பிடும் பொருட்டு, அசலானது எதிர்வரும் புதன்கிழமை முற்பகல் 11 மணிக்கு, படத்தில் கண்டுள்ளவாறு முறம் ஒன்று, நிலக்கடலை அரைப்படி ஆகியவற்றுடன் இம்மன்றத்தில் நேரில் ஆஜராகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறினால், அசல் காணாமல் போனதாகக் கருதி நாளிதழில் விளம்பரம் செய்யப்படும்.'

திரௌபதி அதை இரண்டு முறை படித்தாள்.

"அசல்னா நானா?"

"ஆமா."

"நாலு பேரும் இருப்பாங்களா?"

"நாலு பேரும்."

"சரி, வரேன். எழுதிக் குடுத்துட்டாங்கன்னா நான் பேச்சு மாற மாட்டேன்." உள்ளே போய் முறத்தை எடுத்துத் தட்டி வைத்தாள்.

புதன்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். நாற்காலி போட்டார்கள். "கீழ உக்காந்தாத்தான் எனக்குக் கை வரும்" என்று தரையில் உட்கார்ந்து முறத்தை வைத்துக்கொண்டாள். பானை மேலிருந்து பலகையை எடுத்து வந்து, ஈரத்தைத் துடைத்து, செழியன் கையில் கொடுத்தார்கள். நான் அசலுக்கு வேண்டியவன் என்பதால் இந்த முறை ஒப்பிடும் வேலை கன்னியம்மாளுக்கு. உறுப்பினர்கள் நாலு பேரும் அசலைச் சுற்றி நின்றார்கள். நான் மூலையில் நின்று, இவர்கள் மூக்கு உடையப்போவதைப் பார்க்கத் தயாராக இருந்தேன்.

"முறம், இடது பக்கம்."

"இடது பக்கந்தான்" என்றாள் கன்னியம்மாள்.

"மூக்குத்தி, வலது மூக்கு."

கன்னியம்மாள் குனிந்து பார்த்தாள். "வலது."

தாளில் மூக்குத்தி இடது பக்கம். பத்துத் தாளிலும் இடது பக்கம்.

"உடைக்கிற கை, இடது கை."

"உடைங்கம்மா" என்றார் முருகவேல்.

திரௌபதி ஒரு மல்லாட்டையை எடுத்தாள். இடது கைக் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். பட்டென்று உடைந்தது.

"இடது" என்றாள் கன்னியம்மாள்.

"திரௌபதி," என்றேன், "ஏன் அந்தக் கையில உடைக்கற? எப்பவும் உடைக்கற மாதிரி உடை."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எப்பவும் உடைக்கற மாதிரிதாங்க உடைக்கறேன்."

கன்னியம்மாள் செழியனிடம் சொன்னாள்: "உள்ள வந்த உடனே எனக்குத் தெரிஞ்சிது. கையெழுத்தே பீச்சாங்கையிலதான போட்டாங்க."

"சோறு போடறது, வெளக்கு ஏத்தறது, குங்குமம் எடுக்கறது மட்டும் சோத்தாங்கையில" என்று திரௌபதி அவளுக்கு விளக்கினாள். "இல்லன்னா எங்கம்மா கரண்டியாலயே அடிப்பாங்க. மத்த வேலைக்கெல்லாம் இந்தக் கைதான். ஊசி கோக்கறது, காய் அரியறது, எல்லாம்."

எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அந்த நாற்பது நாளும் நான் அவளுக்கு எதிரே மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, கை பலகையில் சரியாகத்தான் வெட்டியிருக்கிறது. பலகையில் நேரே வரைந்தால் தாளில் திரும்பிவிடும் என்பது செருப்பில் முத்திரை செதுக்கிய நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் தாளில் திரும்பி விழுந்த அந்த வலது கைக்காரியைப் பார்த்து, அச்சு அசல் இவளேதான் என்று கண் கலங்கினேன். யாரோ ஒருவருடைய தகப்பனார் பெயரில் இருந்த புள்ளி என் கண்ணில் பட்டது. இது படவில்லை. அந்த மூலையிலேயே சுவரோடு சுவராக ஆகிவிடலாமா என்றிருந்தது. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

மிச்சம் நாற்பதையும் வாசித்தார்கள். பலகையோடு எல்லாம் ஒத்துப்போயின. அதற்கப்புறம் செழியன் தாள்களை எடுத்துத் திரௌபதியிடம் காட்டினார். ஐந்து வருடத்தில் என் வேலையை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேறு வழியில்லை, அலுவலக உத்தரவு.

தாளை நிதானமாகப் பார்த்தாள். "இது யாரு? எங்க அக்கா சாயல்ல இருக்குது" என்றாள்.

பிறகு பலகையை வாங்கினாள். அதில் பானையின் வட்டம் பதிந்திருந்தது. ஓரத்தில் பெயிண்ட் எண். புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தாள். செதுக்கிய பள்ளத்தில் விரலை வைத்து, நெற்றி, மூக்கு, பிறகு கை என்று தடவிக்கொண்டே போனாள். கட்டை விரல் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இது நான்தான்" என்றாள்.

முருகவேல் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். அது அவர் வாழ்க்கையின் பெரிய நாள் என்று நினைக்கிறேன்.

"இந்த மன்றத்த ஊர்ல கேலி பண்றாங்க. கலைய பத்தி இவுங்களுக்கு இன்னா தெரியும்னு கேக்கறாங்க. ஒண்ணும் தெரியாதுதான். தெரிஞ்சிருந்தா இந்தப் பேப்பர்ங்கள ஆகா ஓகோன்னு ஒத்துக்கினு இருப்போம். தெரியாததாலதான் உண்மைய கண்டுபுடிச்சோம்!" மூன்று உறுப்பினர்களும் கை தட்டினார்கள். "பத்துப் பேப்பரும் போலி. அதனால அச்சு ஓவியர்னு பதிவு கெடையாது. பலகை அசலோட நாப்பத்தி மூணு விசயத்துலயும் ஒத்துப்போவுது. செதுக்கினது இவரு. ஆகவே சிற்பி."

அந்த ஆள் சொன்னதெல்லாம் அபத்தம். ஆனால் அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

அங்கேயே அட்டை எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, புது முத்திரையைக் குத்தினார்கள். அதிலிருந்த எழுத்தைப் படிக்கக் கண்ணாடியையும் முருகவேலே நீட்டினார். பலகை பானையிலிருந்து விடுதலையாகிக் கண்காட்சிக்குப் போவதென்று தீர்மானம் ஆயிற்று. கன்னியம்மாளுக்கு மட்டும் அதில் வருத்தம். உடைத்த மல்லாட்டையை உறுப்பினர்கள் தின்றுவிட்டார்கள்.

வேங்கிக்காலிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்தோம். திரௌபதி ஜன்னல் ஓரம், மடியில் முறம். அட்டையை என்னிடமிருந்து வாங்கி முறத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறாள், எந்தக் கையால் டிக்கெட்டை வாங்குகிறாள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்கும் தெரிந்தது.

தேரடி நிறுத்தத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் பூக்கூடையோடு ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். கூடவே அவளுக்குப் புதிதாக வந்த சம்பந்தியம்மா. சம்பந்தியம்மா என்னைப் பார்த்து மரியாதையாக, "அண்ணன் இன்னா பண்றாரு?" என்று கேட்டார். ஜோதியம்மாள் எங்கள் வீட்டு வழக்கப்படி, "இவரா? இவரு வேலைய..." என்று ஆரம்பித்தாள்.

திரௌபதி முறத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"சிற்பி" என்றாள். "நாலு பேரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க."

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். சம்பந்தியம்மா என் கைகளைப் பார்த்தார். திரௌபதியும் பார்த்தாள்.

"கை நல்ல கைதான் அண்ணி," என்றாள், "கண்ணுதான் கொஞ்சம் கம்மி."